நாலாவது செங்கல்

எனக்குச் சந்தேக புத்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தேங்காய் வாங்கினால் நாலு முறை காதருகே ஆட்டிப் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கி வழிந்தால், நிஜமாகவே தூங்குகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். "நீ போலீஸ் வேலைக்குப் போக வேண்டிய ஆளு, வழி தப்பி அங்கன்வாடிக்கு வந்துட்ட" என்பார் என் வீட்டுக்காரர். அவர் கிண்டலுக்குச் சொன்னதை நான் ரொம்ப நாள் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

சொந்த ஊர் கடலை விட்டு உள்ளே, சிக்கல் பக்கம். மிளகாயும் நெல்லும் தெரியும். கடல் என்றால் ஆடி அமாவாசைக்கு வந்து முழுக்குப் போட்டுவிட்டுப் போகிற இடம், அவ்வளவுதான். வேலை கிடைத்ததோ இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போகிற சாலையில், ஒரு மீனவக் குடியிருப்பில். இராமேஸ்வரத்தில் வீடு எடுத்துக்கொண்டு தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். ஓர் அறை, பின்னால் சமையலறை, இருபத்திரண்டு பிள்ளைகள். சமைக்க, கூட்ட, பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட ஓர் ஆயா.

ஆயா அந்தக் குடியிருப்புக்காரர்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் நான் அக்கா என்பேன். புருஷன் இல்லை. ஒரே மகன், விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் படகுகள் கட்டிக் கிடக்கும் கரை தெரியும். "இந்த ஜன்னலுக்காகத்தான் டீச்சர் இந்த வேலையில கெடக்கேன்" என்று ஒருமுறை சொன்னார். மகன் போன படகு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் அவருக்கு வேலை ஓடும். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும்தான் பின்னால் நடந்தது எல்லாம் நடந்தது.

முதல் சந்தேகம் பாத்திரத்தில் தொடங்கியது. கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கச் சொல்லியிருந்தேன். எங்கள் ஊரில் அப்படித்தான். தண்ணீர் வடியும், பல்லி ஓடாது. சில நாள் காலையில் வந்து பார்த்தால் கவிழ்ந்திருக்கும். சில நாள் குண்டானிலிருந்து டம்ளர் வரை அத்தனையும் நிமிர்ந்து நிற்கும். கேட்டால், "சரி டீச்சர், பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொல்வார். மறுநாளும் நிமிர்ந்துதான் நிற்கும். நான் போன பிறகு யாரோ வந்து இங்கே சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். ஒரு நாள் குண்டானுக்குள் மூக்கை விட்டு மீன் வாடை வருகிறதா என்றுகூடப் பார்த்தேன்.

அந்த வருஷம் எங்களுக்குப் பயிற்சி ஒன்று வைத்தார்கள். எழுத்தை எழுத்தாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள், விளையாட்டில் கொடுங்கள் என்றார்கள். ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள், சாமான்களை மேலிருந்து விடச் சொல்லுங்கள், எது உருளும் எது சறுக்கும் என்று பிள்ளைகளே சொல்லட்டும், அவர்கள் வாயில் வரும் சொல்லையே சுவரில் எழுதிப் போடுங்கள் என்றார்கள். நாற்பது டீச்சர்களில் பாதிப் பேர் தூங்கினார்கள். ஆனால் இது எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

பழைய கதவுப் பலகை ஒன்று கிடைத்தது. ஒரு முனையைத் தரையிலும் மறு முனையைச் செங்கல் மேலும் வைத்தேன். பனங்கொட்டை, வலையில் கட்டுகிற மிதவை, எலுமிச்சம்பழம், சங்கு, சோப்புத் துண்டு, தீப்பெட்டி எல்லாம் ஒரு கூடையில். விடுவதற்கு முன்னால் கேட்பேன்: "உருளுமா, சறுக்குமா?" பிள்ளைகள் அறை இடியும்படி பதில் சொல்வார்கள். சங்கு இரண்டையும் செய்யாமல் பக்கவாட்டில் ஓடிப்போய் ஒரு பையனின் காலுக்கடியில் புகுந்தபோது, "இது டீச்சர் சொன்னா கேக்காது" என்றான் அவன். சுவரில் பெரிய சார்ட். ஒரு பக்கம் 'உருளும்', மறுபக்கம் 'சறுக்கும்'. பிள்ளைகள் வரைந்த படங்களை அந்தந்தச் சொல்லுக்குக் கீழே ஒட்டினோம்.

ஒரு செங்கலுக்கு மெதுவாக, இரண்டுக்குக் கொஞ்சம் வேகமாக, மூன்றுக்கு இன்னும் வேகமாக. "இம்புட்டு வேகமா ஏன் போகுது?" என்று கேட்டேன். நாலு வயதுப் பெண் ஒருத்தி யோசித்துவிட்டு, "அதுக்குக் கரைக்கு வரணும்ல" என்றாள். பத்து நாளில் அவள் சுவரைத் தொட்டுத் தொட்டு 'உருளும்' என்று வாசித்தாள். நான் வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் மூன்று தடவை சொன்னேன். அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் தோணி செய்தேன். மீன் ஐஸ் பெட்டியின் தெர்மோகோலை வெட்டி, பாட்டில் மூடியில் நாலு சக்கரம் வைத்து, சிவப்பும் பச்சையும் அடித்தேன். மூன்று செங்கல் வரை அழகாக இறங்கியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நாலாவது செங்கலை வைத்தேன். தோணி சீறிக்கொண்டு வந்து, பலகை முடிகிற இடத்தில் மூக்குக் குத்தி, ஒரு குட்டிக்கரணம் அடித்து, சக்கரம் மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தது.

சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"என்ன ஆச்சு?" என்றேன். கவிழ்ந்துச்சுன்னு சொல்லுங்க என்று அதட்டியும் பார்த்தேன். அந்த நாலு வயதுக்காரி மட்டும் எழுந்து போய்த் தோணியை நிமிர்த்தக் கை நீட்டினாள். "தொடாத, எல்லாரும் பாக்கட்டும்" என்றேன். அவள் அழத் தொடங்கினாள். நிமிர்ந்து பார்த்தால் சமையலறை வாசலில் கரண்டியோடு ஆயா. பிள்ளைகளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டியது போல இருந்தது. நான் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சரி, பேசாதே என்று சாடை காட்டுகிறார் என்று என் புத்தி சொல்லிவிட்டது.

விடுவேனா. சார்ட்டில் மூன்றாவதாக ஓர் இடம் பிரித்து 'கவிழும்' என்று எழுதி, தலைகீழான தோணியின் படத்தை ஒட்டினேன். கவிழ்ந்த தோணியைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்பதைப் போட்டோ எடுத்து அம்மாக்களின் வாட்ஸப் குரூப்பிலும் போட்டேன். எப்போதும் பூவும் கைகூப்பும் வந்து குவிகிற குரூப்பில் அன்று ஒரு பதில்கூட வரவில்லை.

மறுநாள் ஒன்பது பிள்ளைகள்தான் வந்தார்கள். சார்ட்டில் தோணிப் படம் நேராக ஒட்டப்பட்டிருந்தது. நான் கூடையில் எறிந்துவிட்டுப் போன தெர்மோகோல் தோணி, அலமாரித் தட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. சாவி என்னிடமும் ஆயாவிடமும் மட்டும்தான் உண்டு. நான் படத்தைப் பிய்த்தெடுத்து மறுபடி தலைகீழாக ஒட்டினேன். அதற்கடுத்த நாள் மறுபடி நேராக இருந்தது.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி பார்த்தேன். ஆயா வீடு வீடாக ஏறி இறங்கினார். வாசலில் நின்று ஏதோ சொல்ல, உள்ளே இருக்கிற அம்மா தலையாட்ட, அடுத்த வீடு. ஒரு வீட்டு வாசலில் என்னைப் பார்த்துவிட்டு இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அது போதாதா எனக்கு. ஆயாவின் அண்ணன் மகள் ஒருத்தி டீச்சர் பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் இருப்பது ஞாபகம் வந்தது. பிள்ளைகள் வராவிட்டால் நான் போவேன், நான் போனால் இடம் காலியாகும். கணக்கு சரியாக விழுந்தது. அன்று ராத்திரியே மேற்பார்வையாளர் அம்மாவுக்கு எழுதினேன்: ஆயா பெற்றோரை எனக்கு எதிராகத் தூண்டுகிறார், பாடச் சாமான்களைக் கலைக்கிறார், இவரை இங்கிருந்து மாற்ற வேண்டும்.

மேற்பார்வையாளர் அம்மா நாலாம் நாள் வந்தார். படகுகள் எல்லாம் அன்று காலையிலேயே கரைக்கு வந்துவிட்டிருந்தன. அம்மாக்கள் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். ஆயா சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கேட்ட எதற்கும் வாய் திறக்கவில்லை. பார், பதில் இல்லை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி.

அழுத பெண்ணின் அம்மாதான் பேசினாள்.

"அவுகள என்னத்துக்கு நிக்க வச்சிக் கேக்குறீக? ஆயாக்கா மட்டும் வரலைன்னா ஒரு பிள்ளைகூட இங்கன வந்திருக்காது. டீச்சர் உள்நாட்டுக்காரவுக, தெரியாமச் செஞ்சுட்டாக, நான் சாயங்காலம் எல்லாத்தையும் நிமித்தி வச்சிட்டுத்தான் கதவப் பூட்டுறேன், நம்பி அனுப்புங்கன்னு வீட்டுக்கு வீடு கெஞ்சினது இவுகதான்."

"எதை நிமிர்த்தி?" என்றார் மேற்பார்வையாளர்.

"ஆம்பளைக கடலுக்குப் போயிருக்கையில நாங்க வீட்டுல ஒரு சொம்பக்கூடக் கவுத்து வைக்க மாட்டோம். அந்தச் சொல்லையே வாயில எடுக்க மாட்டோம். இன்னைக்குப் படகு எல்லாம் கரையில கெடக்கு, அதான் சொல்றேன். டீச்சர் போட்டோ அனுப்புன அன்னைக்கு இந்தத் தெருவுல அம்புட்டு ஆளும் கடல்ல. அவுக மகனும்தான்."

பிள்ளைகளின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பாத்திரங்கள் நிமிர்ந்து நின்ற காலைகளை எண்ணிப் பார்த்தேன். எல்லாம் படகு போன நாட்கள். 'கவிழும்' என்று சொல்லச் சொல்லி நான் அதட்டிய பிள்ளைகளின் அப்பாக்கள் அன்று எங்கே இருந்தார்கள் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லையே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

எல்லோரும் போன பிறகு ஆயாவிடம் கேட்டேன். "கரையில இருக்கிற நாளாப் பாத்து என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லக்கா?"

"சொல்லணும்னுதான் ஒரு நாள் வந்தேன் டீச்சர். நீங்க அந்த நேரம் பாத்துக் குண்டானுக்குள்ள மோந்து பாத்துக்கிட்டு இருந்தீக. திரும்பிப் போயிட்டேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று கடிதம் எழுதிக்கொண்டு நானே ஆபீசுக்குப் போனேன். இரண்டு முறை போனேன். ஏற்கெனவே மேலே போய்விட்டது, கையெழுத்தும் ஆகிவிட்டது, மறுபடி பார்க்கலாம் என்றார்கள். பாலம் தாண்டி, மண்டபம் ஊரையும் தாண்டி உள்ளே, வயற்காட்டு நடுவில் ஒரு மையத்துக்கு ஆயாவை மாற்றினார்கள். அங்கே எந்த ஜன்னலைத் திறந்தாலும் கடல் தெரியாது. இரண்டு பஸ் மாற வேண்டும். போகிற அன்று அவர் எனக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு, "புதுசா வாரவுகளும் வெளியூராம். தொழிலுக்குப் போற அன்னைக்கு மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க டீச்சர்" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பலகை இன்னமும் இருக்கிறது. மூன்று செங்கல்தான். பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். சார்ட்டில் மூன்றாவது இடத்தில் இப்போது 'நிற்கும்' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெண் அதையும் வாசிக்கிறாள். படகு போகிற நாட்களில் சாயங்காலம் ஆயாவிடமிருந்து போன் வரும். "சாப்பிட்டீகளா டீச்சர்" என்பார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார். பாத்திரத்தைப் பற்றியோ தோணியைப் பற்றியோ ஒரு நாளும் கேட்டதில்லை. நானாகத்தான், "எல்லாம் நிமிந்து இருக்குக்கா" என்பேன். "நீங்க வச்சிருப்பீகன்னு தெரியும் டீச்சர்" என்பார். அவரைப் போய் நான் சந்தேகப்பட்டேன்.

போன வாரம் அப்படித்தான் பஸ்ஸில் இருக்கும்போது போன் வந்தது. எல்லாம் நிமிந்து இருக்குக்கா என்றேன். தெரியும் டீச்சர் என்றார். போனை வைத்த பிறகு யோசித்தேன். குண்டான் ஞாபகம் வந்தது. டம்ளர்கள் ஞாபகம் வந்தன. தோணியை நிமிர்த்தியது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஓர் ஆட்டோவை நிறுத்தித் திரும்பிப் போனேன். பூட்டைத் திறந்து லைட்டைப் போட்டேன்.

தோணி கூடைக்குள், சக்கரம் மேலே தெரியக் கவிழ்ந்துதான் கிடந்தது.

எடுத்து நிமிர்த்தித் தட்டில் வைத்தேன். சமையலறை ஜன்னலைத் திறந்து பார்த்தேன். கரையில் ஒரு படகும் இல்லை.