மீன்தொட்டிக்குத் தண்ணீர் சுமந்த வாளி

கொல்லிமலையில் எங்களுக்கு மிளகுத் தோட்டம். விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுடைய இரண்டு தங்கமீன்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

போன மாதம், தொட்டித் தண்ணீரை மாற்றிய மறுநாள், இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்து தவித்தன. அடிவாரத்து மீன் கடைக்காரருக்கு போன் செய்தேன். “தெனமும் பாதித் தண்ணிய மாத்துங்க, கொஞ்சம் கல்லுப்புப் போடுங்க, செரியாப் போயிருமுங்க” என்றார். தோட்ட வேலை முடிந்து வந்து, இடுப்பு விட்டுப்போக நான்கு நாள் தண்ணீர் சுமந்தேன். மாற்ற மாற்ற மீன்கள் சோர்ந்துகொண்டே போயின. ஐந்தாம் நாள் ஒன்று செத்து மிதந்தது.

அன்றும் நான் தண்ணீர் கொண்டுவரும்போது வீட்டுக்காரர் கேட்டார்: “ஏம்புள்ள, மிளகுக்கு அடிக்க மயில்துத்தம் கரைச்ச வாளி எங்க?”

அது என் கையில் இருந்தது. அடியில் நீலம் படிந்திருந்தது. அந்த மருந்து மீனுக்கு நஞ்சாம். வைத்தியம் என்று நினைத்து நான்தான் தினமும் ஊற்றியிருக்கிறேன்.

மிஞ்சிய மீனைச் சோற்றுப் பானையில் நல்ல தண்ணீரில் விட்டேன். பிழைத்துக்கொண்டது.

இப்போது மீனுக்கென்று தனி வாளி, சமையலறையில் என் கண்முன்னே இருக்கிறது. மகளிடம், சீக்கு வந்து செத்துவிட்டது என்றுதான் சொன்னேன். இதைப் படித்துத்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டும்.