பாற்பல் கிடைத்த தட்டு

பொன்னம்பலத்தின் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் சுபாங்கிதான். மகள் டொக்டராவாள் என்று காத்திருந்தவருக்கு, அவள் பழங்கால எலும்புகளைப் படிக்கப் போனது முதலில் பிடிக்கவில்லை. கனடாவின் பிறம்ரன் நகரில் தன்னோடு கிடங்கில் வேலை செய்பவர்கள் கேட்டால், "டொக்டர்மாருக்கும் எலும்புதானே வேணும்" என்று சமாளிப்பார்.

இருபத்து நான்கு வயதில் அவள் ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் உதவியாளரானாள். பிரான்சில் நியண்டர்தால் மனிதர் வாழ்ந்த குகையொன்றைத் தோண்டி எடுத்த மண், பை பையாக அங்கே வரும். அதை அரிதட்டில் கழுவி, எஞ்சியதைத் தட்டில் காயவைத்து, இடுக்கியால் பிரிக்க வேண்டும். குகையின் எந்தப் படையின், அதாவது எந்த அடுக்கின், மண் என்று எழுதிய துண்டுச்சீட்டு தட்டிலேயே இருக்கும். ஒருமுறை தோண்டிய படையை மறுபடி தோண்ட முடியாது. அந்தச் சீட்டை விட்டால் வேறு சாட்சி இல்லை.

மாசியில் ஒருநாள், சீக்கிரம் காயட்டுமென்று மின்விசிறியை இரண்டு தட்டுகளுக்கு நேரே திருப்பிவிட்டுத் தேநீர் வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது இரண்டு சீட்டுகளும் நிலத்தில் கிடந்தன. இரண்டு மண்ணும் ஒரே பழுப்பு. எந்தச் சீட்டு எந்தத் தட்டுக்குரியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. பிறகு, இது இதற்குத்தான் என்று வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் இடப்பக்கத் தட்டில் ஒரு குழந்தையின் பாற்பல் அகப்பட்டது.

பேராசிரியர் ஜூலியன் சீட்டைப் படித்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். குகைவாசிகளின் அடுப்புச் சாம்பலுக்கும் கீழேயிருந்த படை. அவ்வளவு ஆழத்தில் அந்தக் குகையில் மனிதப் பல் எதுவும் அதுவரை கிடைத்ததில்லை. கட்டுரை எழுதத் தொடங்கினார். அவள் பெயரையும் சேர்த்தார்.

அன்றிரவு அந்த இரண்டு சீட்டுகளையும் அவள் மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தாள். வைத்தது சரியாகவும் இருக்கலாமே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள்.

"என்ரை கூட்டாளி இராசரத்தினத்துக்குச் சொல்லிப்போட்டன்," என்றார் அப்பா. "அவன்ரை பெடியன் லோயராம். மார்க்கம் ரவுணிலை லோயர்மார் நூறு பேர். லட்சம் வருசத்துப் பல்லு ஆர் எடுத்தது?"

"அறுபதாயிரம்தான், அப்பா."

"லட்சமெண்டு சொல்லிப்போட்டன். விடு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. அப்பா கூட்டிச் சொன்னது இராசரத்தினத்தோடு போய்விடும். அவள் வைத்த சீட்டு அச்சில் ஏறப்போகிறது.

கட்டுரை இதழுக்குப் போகவிருந்த நாளுக்கு முதல்நாள் ஜூலியனின் கதவைத் தட்டினாள். சீட்டுகளை ஊகித்து வைத்ததைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை.

"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

"பயந்துவிட்டேன்."

"அன்றைக்கே சொல்லியிருந்தால் இரண்டு தட்டு மண்தான் போயிருக்கும். இனி நீ பிரித்த ஒவ்வொரு தட்டையும் நான் சந்தேகிக்க வேண்டும்."

பல்லை ஒரு சிறு பெட்டியில் வைத்து, 'படை தெரியாது' என்று அவளே எழுதினாள்.

மதியம், இடைவேளையில் இருந்த அப்பாவுக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஆரும் கண்டவையோ?"

"இல்லை."

"பிறகென்னத்துக்குச் சொன்னனீ?"

கிடங்கில் ஏதோ வண்டியைப் பின்னால் எடுக்கும் சத்தம் போனில் கேட்டது. என்ன சொன்னாலும் அப்பாவுக்குப் புத்தி சொல்வதுபோல் ஆகிவிடும்.

"இராசரத்தினம் கேட்டா நான் என்னெண்டு சொல்ல?"

"மகள் பிழை விட்டிட்டாள் எண்டு சொல்லுங்கோ, அப்பா."

கிடங்கில் இடைவேளை முடிந்த மணி அடித்தது. அப்போதும் அவர் அழைப்பைத் துண்டிக்கவில்லை.