மாமாவைக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போனது

காலைக் காப்பி டம்ளர் இடக்கையிலிருந்து நழுவி விழுந்தபோது மாமா சிரித்தார். அதை எடுக்கக் குனிந்தவர் இடது கால் மடங்கி அப்படியே சாய்ந்துவிட்டார். கடலூர் ஆஸ்பத்திரியில் பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள்.

மாமா என் அக்காவின் கணவர். குறிஞ்சிப்பாடிச் சந்தையில் மல்லாட்டை (நிலக்கடலை) வாங்கி விற்பவர். முதுநகரில் அவர் வீட்டை ஒட்டியே என் தையல் கடை. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது.

பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சிறுநீர் அவர் வசத்தில் இல்லை. வருவது தெரிவதற்குள் வேட்டி நனைந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொண்டார். அக்காவோ சுத்தம் வேண்டும் என்று சலவைச் சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்தாள். சீக்கிரமே முதுகின் அடியில் ஒரு சிவப்பு. விரலால் அழுத்தினாலும் வெளுக்கவில்லை.

டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார்.

"படுக்கைப்புண்ணோட ஆரம்பம் இது" என்றார். (ஒரே இடம் அழுந்துவதாலும் ஈரத்தில் ஊறுவதாலும் தோல் நைந்து வரும் புண்.) "தோல் கிழியறதுக்குள்ள பாத்துட்டீங்க, நல்லதாப் போச்சு. தண்ணிய கொறச்சா மூத்திரம் கெட்டியாகி இன்னும் எரிக்கும். நல்லா குடிக்கட்டும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், அவர் கேக்கறதுக்கு முந்தியே பாத்திரத்தக் குடுங்க. அப்பவே பக்கமும் மாத்திப் படுக்க வைங்க. ஈரத்தத் தேய்க்காதீங்கம்மா, ஒத்தி எடுங்க."

அவர் போன பிறகு மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் காமாட்சிக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை வீட்டில் தை மாதம் கல்யாணம்.

"நான் வரல. சம்பந்தி வூட்டுப் பாய நனைச்சிட்டு வரச் சொல்றியா?"

அக்காவால் தனியாக அவரைப் புரட்ட முடியாது. நான் கழுவிவிடப் போன முதல் நாள், "மச்சான், கண்ண மூடிக்கடா" என்றார்.

"மூடிக்கிட்டா எங்க தொடைக்கறதுன்னு தெரியாது மாமா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடம்பு குலுங்கச் சிரித்தார். அன்றிலிருந்து அந்த வேலையே எங்களுக்கு ஊர்க்கதை பேசும் நேரமாகிவிட்டது.

யுத்தத் தட்டுப்பாட்டில் புதுத்துணி கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. அக்கம்பக்கத்தில் கேட்டு, நைந்த பழைய வேட்டிகளை வாங்கினேன். பல மடிப்பாக மடித்து, வெளிப்பக்கம் மட்டும் ஈரம் கசியாத மெழுகுத்துணி வைத்து, முன்னால் நாடா கட்டும் கோவணம் ஒன்று தைத்தேன். முதலாவது வழுக்கி விழுந்தது. மறுபடி அளவெடுத்தேன்.

"மாப்பிள்ள சட்டைக்குக்கூட இவ்ளோ அளவு எடுக்கலடா நீ" என்றார் மாமா.

உங்கள் வீட்டில் செய்வதானால் மெழுகுத்துணி தோலில் படக் கூடாது. நனைந்ததும் மாற்றிவிட வேண்டும். டாக்டர் தரும் களிம்பை மெல்லிசாகப் பூசினால் போதும்.

சிவப்பு மெல்ல மறைந்தது. இடது கால் தரையில் ஊன்றத் தொடங்கியது. பாத்திரம் வரும்வரை அடக்கவும் பெரும்பாலும் முடிந்தது. "சரி, வரேன்" என்றார் ஒருநாள். ரயிலில் சிதம்பரம் போனோம்.

மணமேடையில் நாற்காலி போட்டார்கள். தாரை வார்க்கும் நேரம். மகளின் கையை வலக்கையில் பிடித்திருந்த மாமாவின் முகம் மாறியது. என் பக்கம் சாய்ந்தார்.

"வந்துடுச்சுடா."

"வரட்டும் மாமா. கைய எடுக்காதீங்க."

அக்கா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். மாமா அதைப் பார்த்தார்.

"அங்கயும் தண்ணி, இங்கயும் தண்ணி."

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவரால் முடியவில்லை, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"என்ன சம்பந்தி, சிரிப்பு?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"சந்தோஷம்" என்றார் மாமா. அது பொய்யில்லை.

தாலி கட்டியதும் உள்ளறைக்கு அழைத்துப்போய்ப் பார்த்தேன். பட்டு வேட்டியில் ஒரு சொட்டு இல்லை.

பிறகு பல வருஷம் இருந்தார். தடி ஊன்றித் தேவனாம்பட்டினம் கடற்கரைவரைகூடப் போனார். சில நாள் நனையும், சில நாள் நனையாது. அவர் அதை மழையைப் போல எடுத்துக்கொண்டார்.

உடம்பு என்றால் எனக்கு அதுவரை மார்பளவும் இடுப்பளவும்தான். இப்போது அழுந்தும் இடமும் காற்றுப் படாத இடமும்தான் முதலில் தெரிகின்றன. அந்த வருஷங்களில் கடையில் மாமா என் எதிரே உட்கார்ந்திருப்பார். யாரும் சொல்லாமலே இடுப்பைச் சற்று நகர்த்துவார். அதே நொடியில் நானும் என்னையறியாமல் நகர்ந்திருப்பேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.