எதிர்க்கடை மிசினுக்கு எதிராக ஒரு முறைப்பாடு

இடியப்பக் கடைக்காரனுக்குப் பிழிந்து பிழிந்து வந்த கைநோவு பாதி, எதிர்க்கடை மீதி. கடை வைத்து நொந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மிசின் வந்தது

கனடாவில், ஸ்காபரோவில் என் கடை இருக்கும் அதே பிளாசாவில், நேரெதிரே சிவம் கடை போட்டான். அரசாங்கம் கொடுத்த மானியத்தில் இடியப்ப மிசினும் வாங்கினான். அது பிழிந்த வேகத்தில் நூல் அடுத்த ஊரான வெக்ஸ்போர்ட் வரை நீண்டு ஒரு பஸ்ஸே சிக்கி நின்றது. நான் கண்ணால் கண்டவன். விலையைப் பாதியாக்கினான், என் கடையில் ஈ மட்டும் மிச்சம். என்னிடம் பதினைந்து வருடம் வாங்கிய யோகம் ரீச்சரை மறித்து நியாயம் கேட்டேன்.

"உங்கடை இடியப்பம்தான் ருசி, அண்ணை. ஆனா உவன்ரை விலை அதைவிட ருசி."

புட்டுக் கேள்வி

போட்டிச் சட்டத்தில் முறையிடுவோம் என்று லோயர் அபியிடம் போனேன். இங்கே பிறந்த பிள்ளை. "என்ரை வரிக்காசிலையே என்னை விழுத்துறாங்கள்!" என்றேன்.

"உங்கட விலை கூடினா ஆக்கள் புட்டுக்கு மாறுவினமா, அங்கிள்?"

"இடியப்பம் எங்கை, புட்டு எங்கை! ஒருத்தரும் மாறாயினம்!"

"காலமை நீங்கள் என்ன சாப்பிட்டனீங்கள்?"

இடியப்பம் அலுத்துப்போய் புட்டுத்தான் சாப்பிட்டிருந்தேன். சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப புட்டுக்கடையளும் சேம் மார்க்கெட், அங்கிள். அவர் தனிக்காட்டு ராசா இல்லை. முதல் சாட்சியே நீங்கள்தான்."

சாட்சி

மானியம் வாங்கியது குற்றமில்லையாம். அதனால் போட்டி கெட்டு, சாப்பிடுகிற சனத்துக்கு நட்டமா என்றுதான் சட்டம் பார்க்குமாம். என் கண்ணீர் கணக்கில் வராதாம். சரியென்று, ஒரு வாளி சொதி லஞ்சம் கொடுத்து யோகம் ரீச்சரைக் கூட்டிப்போனேன். "மானியத்தால உங்களுக்கு என்ன நட்டம், அன்ரி?" என்று அபி கேட்டாள். ரீச்சர் இடுப்பைத் தடவிக்கொண்டார்.

"நட்டமோ? ரெண்டு கூடச் சாப்பிட்டு நிறைதான் ஏறிப்போச்சு, பிள்ளை."

கடைசி வழி

"நீங்கள் கடையைப் பூட்டி, வேற ஆளும் இல்லாம, அவர் விலையை ஏத்தினா ஒருவேளை கேஸ் நிக்கும்," என்றாள் அபி. வெல்வதற்கு நான் முதலில் சாகவேண்டும்! கோபத்தில் சிவத்திடம் போய், "நாளைக்கே பூட்டுறன், பிறகு நீ கோட்டிலை நில்லு!" என்று கத்தினேன். அவன் முகம் வெளிறிப்போனது. அன்று பின்னேரமே ஒரு கலியாண வீட்டு ஓடரை என் கடைக்குத் திருப்பிவிட்டு, மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணை, தயவுசெய்து பூட்டிப்போடாதேங்கோ! நீங்கள் இருக்குமட்டும்தான் சட்டத்துக்கு நான் நல்லவன்!"

ஆக, அரசாங்கம் சிவத்துக்கு மானியம் கொடுக்கிறது, சிவம் எனக்கு மானியம் கொடுக்கிறான், போட்டி அமோகமாக நடக்கிறது.