மிஜ்வலின் பொய்ப் புள்ளிகள்

என் அண்ணன் ஸுவைலிம் போன ஷஅபான் மாதம் சிறுநீரகம் பழுதாகி இறந்தான். ஐம்பத்தொரு வயது. சவூதியின் வடக்கு எல்லையோரம் இருக்கும் எங்கள் ஊர் ரஃப்ஹாவில் அவன் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. 'மேப் போடுற அபூ ஹமத்' என்றால் பெட்ரோல் பங்கில் நிற்பவன்கூட வழி காட்டுவான்.

பகலில் நகராட்சியின் தண்ணீர்ப் பிரிவில் எழுத்தர். மாலையில் அஸர் தொழுதுவிட்டு வந்தால் வீட்டின் முன்னறைதான் அவன் கடை. ஒரு மேசை, ஒரு பழைய கணினி, பென்சில் அழிப்பான் நாலைந்து. பாலைக்குப் போகிறவர்கள் கையில் வைத்திருக்கும் ஜி.பி.எஸ். கருவிகளை அங்கே கொண்டு வருவார்கள். முன்னறைக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே ஒரு கதவுதான். நான் பெண்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியை. விடைத்தாள் திருத்தியபடியே அவர்கள் பேச்சு முழுவதையும் கேட்டிருக்கிறேன்.

"அபூ ஹமத், என் மேப் செத்துப்போச்சு."

"சாகல. ரெண்டு மேப்பை ஒண்ணு மேல ஒண்ணு போட்டு வச்சிருக்கே. மேல இருக்கிறது கீழ இருக்கிறதை மூடிடுச்சு. ஒண்ணை அணைச்சு வை."

"மேற்கே போனா திரை வெள்ளையா இருக்கு."

"கார்டு எங்க வாங்கின? சந்தையிலயா? அறுபத்து நாலு ஜி.பி.ன்னு எழுதியிருக்கு, உள்ளே எட்டுதான் இருக்கும். மேப்புல கிழக்குப் பாதி ஏறிடுச்சு, மேற்குக்கு இடமில்லை. உன்னை ஏமாத்தினவன் நல்லவேளை கிழக்கையாவது விட்டு வச்சான்."

மெமரி கார்டை உருவி, அதன் பொன்னிறப் பற்களை அழிப்பானால் தேய்த்து, ஊதி, திரும்பப் பொருத்துவான். பாதிக் கோளாறு அதிலேயே போய்விடும். மீதிக்கு, பழைய கருவி பெரிய கார்டைப் படிக்காது, கோப்பின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் மேப் தெரியாது என்பதுபோல ஏதாவது சொல்வான். குரலை உயர்த்தாமல், நூறாவது முறை சொன்னாலும் முதல் முறை போல.

ஒன்று மட்டும் செய்யமாட்டான். யாருடைய கருவியிலும் அவர்கள் பதிந்து வைத்த இடங்களின் பட்டியலைத் திறக்கமாட்டான். அந்த இடங்களை எங்கள் ஊரில் புள்ளிகள் என்போம். மழை பெய்த குளிர்காலத்தில் மணலுக்கடியில் ஃபகா முளைக்கும். உருளைக்கிழங்கு போல இருக்கும் காளான் அது. அது கிடைக்கும் இடத்தை ஒருவன் தன் மகனிடம்கூடச் சொல்லமாட்டான். கருவி திருடு போனாலும் பலன் கிடைக்கக்கூடாது என்று கெட்டிக்காரர்கள் பொய்ப் புள்ளி வைப்பார்கள். உண்மையான இடத்திலிருந்து கிழக்கே இத்தனை, வடக்கே இத்தனை என்று தள்ளிப் பதிந்துகொள்வார்கள். அந்தக் கணக்கு அவரவர் மண்டைக்குள் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் என் அண்ணனிடம் மட்டும் கருவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போவார்கள்.

ஐந்து வருடத்துக்கு முன்பு ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, எங்கள் பள்ளிக்கு விடுமுறை. காலை பத்து மணி இருக்கும், தலாலின் அம்மா உம்மு தலால் பெண்கள் வாசல் வழியாக ஓடி வந்தாள். அவள் கணவர் மிஜ்வல், ஊரிலேயே பெரிய ஃபகா வேட்டைக்காரர், அறுபத்தேழு வயது. புதன் விடியலில் தனியாகப் போனவர் திரும்பவில்லை. கைப்பேசி தொடர்பில் இல்லை. புதுக் கருவியை எடுத்துப் போயிருந்தார். பழையது வீட்டில் கிடந்தது. அதை ஒரு துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தாள்.

"தர்ஃபா, இது எரியுது, அணையுது, எரியுது, அணையுது. உங்கண்ணனைக் கூப்பிடு. எங்க போனாருன்னு இதுலதான் இருக்கும்."

அண்ணனை அலுவலகத்திலிருந்து வரவழைத்தேன். அவன் வருவதற்குள் ஸுனைத்தானும் வந்துவிட்டார். காணாமல் போனவர்களைத் தேடிப்போகும் தன்னார்வக் குழுவின் தலைவர் அவர். வாசலில் முப்பது வண்டிகள் இன்ஜினை அணைக்காமல் நின்றன. உம்மு தலாலும் நானும் முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னறைக்கே போய்விட்டோம். அன்றைக்கு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அண்ணன் பழைய கருவியிலிருந்து கார்டை உருவினான். கருவி உடனே ஒழுங்காக எழுந்தது. கெட்டுப்போனது கார்டுதான், அதைப் படிக்க முயன்று முயன்று கருவி மயங்கி விழுந்துகொண்டிருந்தது.

"அவ்வளவுதானே, கார்டைத் தூக்கிப் போடு. புள்ளிங்க கருவிக்குள்ளேயே இருக்கும்ல? திற," என்றார் ஸுனைத்தான்.

அண்ணன் கையை எடுத்துவிட்டான். "மிஜ்வல் புள்ளியை நான் திறந்தேன்னு தெரிஞ்சா அவரு என்னை மன்னிக்கவே மாட்டாரு."

"மன்னிக்கிறதுக்கு முதல்ல அவரு உயிரோட இருக்கட்டும்டா," என்றாள் உம்மு தலால்.

திறந்தான். நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் அவர் வைத்த பெயர். செத்த ஒட்டகம், மாமியார், உடைந்த டயர், இரண்டாவது மாமியார்.

"யாரு இந்த ரெண்டாவது மாமியார்?" என்று ஸுனைத்தான் கேட்டார். உம்மு தலால், "வரட்டும், நானே கேட்டுக்கிறேன்," என்றாள்.

மேப்பில் வைத்துப் பார்த்தோம். 'செத்த ஒட்டகம்' நெடுஞ்சாலையின் நடுவில் இருந்தது. 'உடைந்த டயர்' எல்லைக் காவலர் முகாமுக்குள். வேறொன்று பாறை மேட்டின் உச்சியில், ஒரு புல்கூட முளைக்காத இடத்தில். அத்தனையும் பொய்ப் புள்ளி.

"எவ்வளவு தள்ளி வச்சிருக்காருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று உம்மு தலாலைக் கேட்டான் அண்ணன்.

"எங்க போறாருன்னே எனக்குச் சொன்னதில்லை. கல்யாணமாகி நாப்பது வருஷம். 'வெளியே'ம்பாரு. அவ்வளவுதான்."

அண்ணன் உருவிப் போட்ட கார்டைக் கையில் எடுத்தான். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "புள்ளிதான் பொய் சொல்லும். தடம் சொல்லாது," என்றான். வண்டி போகப் போக, போன வழியைக் கருவி தானாகவே எழுதி வைக்கும். மிஜ்வலின் கருவி அதைக் கார்டில்தான் எழுதியிருந்தது. அப்படியொன்று பதிவாகிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அதையும் அழித்திருப்பார்.

கார்டைக் கணினியில் செருகியதும், இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று திரை கேட்டது.

"ஆமான்னு குடு, சீக்கிரம்!" என்றார் ஸுனைத்தான்.

"ஆமான்னு குடுத்தா மொத்தமும் போயிடும். வேண்டாம்னுதான் குடுக்கணும்."

"அதுவே கேக்குதே!"

"அது கேக்கும். அதுக்கென்ன, மிஜ்வல் அதுக்கு மாமனா மச்சானா?"

வேண்டாம் என்று அழுத்தினான். பற்களைத் தேய்த்து, கார்டைப் படிக்கும் வேறொரு செருகியில் போட்டான். மூன்றாவது செருகியில்தான் கார்டு கண்ணைத் திறந்தது. உடனே எதையும் திறந்து பார்க்காமல் முழுக் கார்டையும் அப்படியே நகல் எடுக்க விட்டான். கெட்ட கார்டைத் தொடத் தொட இன்னும் கெடும், அதனால் நகலில்தான் தேட வேண்டும் என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். அந்த நகல் ஒன்றரை மணி நேரம் எடுத்தது. வெளியே ஹாரன் அடித்தார்கள். "பள்ளிக்கூடம் நடத்துறியா உள்ளே?" என்று ஒருவன் கத்தினான். ஸுனைத்தான் இரண்டு முறை கிளம்பப் போய், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

நகலிலிருந்து ஏழு தடங்கள் மீண்டன. அதில் ஒன்று முந்தைய வருடம் பிப்ரவரி பதினொன்றாம் தேதி. வண்டி ஒரு தாழ்ந்த நிலத்தில் நாலு மணி நேரம் நின்றிருக்கிறது. அதே தேதியில் பதிந்த புள்ளி 'மாமியார்'. இரண்டுக்கும் உள்ள தூரத்தை நான் அளந்தேன். கிழக்கே பதினான்கு கிலோமீட்டர், வடக்கே மூன்று. அடுத்த தடத்தில் வைத்துப் பார்த்தேன். அதே பதினான்கு, அதே மூன்று. எல்லாப் புள்ளிகளையும் அத்தனை தூரம் மேற்கும் தெற்குமாகப் பின்னால் இழுத்தோம். ஒவ்வொன்றும் மழைநீர் தேங்கும் பள்ளங்களில் போய்ப் பொருந்தி உட்கார்ந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு மிஜ்வலின் வீட்டுக்குள் சொல்லாமல் நுழைந்தது போல இருந்தது.

"ரெண்டு டின் பெட்ரோல் கூடுதலா ஏத்தினாரு," என்று உம்மு தலாலுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. தூரமாகத்தான் போயிருக்கிறார். அந்த வருடம் மேற்கில் மட்டும்தான் நல்ல மழை. தூரத்து மேற்கில் ஆறு புள்ளிகள் இருந்தன.

அண்ணன் ஸுனைத்தானைத் தனியாகக் கூப்பிட்டான். "ரெண்டு வண்டி மட்டும் போகட்டுமே. இது அவரோட இருபது வருஷச் சம்பாத்தியம்."

"ஆறு பள்ளம், ஒண்ணுக்கொண்ணு முப்பது கிலோமீட்டர். ரெண்டு வண்டி போனா நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும். என்ன செய்யட்டும், நீயே சொல்லு."

அண்ணன் ஆறு புள்ளிகளையும் முப்பது கருவிகளிலும் ஏற்றிக் கொடுத்தான். கடைசிக் கருவி போனதும் கணினியில் இருந்த நகலை அழித்தான்.

இருட்டுவதற்குச் சற்று முன்பு ஐந்தாவது பள்ளத்தில் மிஜ்வலைக் கண்டுபிடித்தார்கள். ஈர மண்ணில் வண்டி அச்சு வரை புதைந்திருந்தது. பலகை வைத்துத் தள்ளப் போய்க் கணுக்காலைத் திருகிக்கொண்டு நடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஒரு புட்டி மீதி. முதல் ஐந்து வண்டிகளைப் பார்த்ததும் சிரித்துக் கையாட்டியிருக்கிறார். பின்னாலேயே மற்றவையும் வரவர முகம் மாறிவிட்டதாம். மேலங்கியைக் கழற்றிப் பக்கத்தில் இருந்த ஃபகா மூட்டைமேல் போர்த்தினாராம். "எல்லாரும் ஏண்டா வந்தீங்க?" என்பதுதான் முதல் பேச்சு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்கு ஊரில் பாதிப் பேர் இல்லை. ஆறு பள்ளங்களிலும் கோழி கிளறியது போலத் தோண்டிவிட்டார்கள்.

மிஜ்வல் நன்றி சொல்ல வரவில்லை. கால் சரியானதும் வேறு பள்ளிவாசலுக்குத் தொழப் போனார். ஃபகாக்காரர்கள் கடைக்கு வருவது குறைந்தது. வந்தவர்களும் கார்டைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, புள்ளிகளை அழித்துவிட்டு, வெறும் கருவியைத்தான் நீட்டினார்கள். அண்ணன் தன் கார்டு ஒன்றைப் போட்டுச் சோதித்துக் கொடுப்பான். ஒருவன் முகத்துக்கு நேரே சொன்னான்: "இதுல பாக்க ஒண்ணும் இல்லை அபூ ஹமத், தைரியமா திற." அண்ணன் சிரித்தபடி திருகாணியைக் கழற்றினான். அன்றிரவு சாப்பிடும்போது கப்ஸா சோற்றில் கை வைக்கவே இல்லை.

"வருத்தமா இருக்கா அண்ணே?" என்று கேட்டேன்.

"அவரு செத்திருந்தாலும் வருத்தம்தான். இது சின்ன வருத்தம். ஆனா தினம் தினம் வருது," என்றான்.

இரண்டு குளிர்காலம் இப்படிப் போனது. மூன்றாவது வருடம் நவம்பரில், முதல் மழை பெய்து நாலைந்து நாள் இருக்கும், முன்னறையில் தடி ஊன்றும் சத்தம் கேட்டது.

"இருக்கியா?" மிஜ்வலின் குரல்.

"வாங்க. உக்காருங்க."

"உக்கார வரல. மேப் தெரிய மாட்டேங்குது. வெறும் அம்புக்குறி மட்டும் நிக்குது. கேவலமா இருக்கு."

அண்ணன் கருவியை வாங்கிப் பின்மூடியைத் திறந்தான். பிறகு அவன், "கார்டு உள்ளேயே இருக்கு," என்றான்.

"கார்டு இல்லாம மேப் எப்படிடா தெரியும்?"

"இல்ல... எல்லாரும் கழட்டிட்டுத்தான் தருவாங்க. புது இடமெல்லாம் பதிஞ்சிருப்பீங்க."

"பதிஞ்சிருக்கேன். ஒன்பது இடம். பழைய ஆறைவிட நல்ல இடம்."

"கழட்டி வச்சுக்குங்க, அபூ தலால். மேப்பை என் கார்டுல போட்டுத் தர்றேன்."

நான் திருத்திக்கொண்டிருந்த தாளை மூடி வைத்தேன்.

"போன தடவை நீ பொய்ப் புள்ளிக் கணக்கைக் கண்டுபிடிச்சியே, அதை இப்போ மாத்திட்டேன்," என்றார் மிஜ்வல். "பதினாலும் மூணும் இல்லை. தெற்கே இருபத்திரண்டு, மேற்கே அஞ்சு. ஞாபகம் வச்சுக்கோ. எனக்கு வயசாகுது, பையன் தலாலுக்குச் சொன்னா ஊருக்கே சொல்லிடுவான்."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க?"

"மறுபடியும் மாட்டிக்கிட்டா ஒன்றரை மணி நேரம் காத்துக் கிடக்கணும்ல? உம்மு தலால் இன்னும் அதைச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கா." தடி வாசல் பக்கம் நகர்ந்தது. "தொழுதுட்டு வர்றேன். அதுக்குள்ள முடிச்சு வை. இந்தத் தடவை ரெண்டே ரெண்டு வண்டி அனுப்பு, புரிஞ்சுதா?"