சைக்கிளுக்கு டிம் அடிப்பீரா?

ஞானதுரை இறந்த செய்தி வந்தபோது நான் துறைமுகத்துக்குள், ஒரு கப்பலின் படிக்குக் கீழே முட்டைக்கோஸ் மூடைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். வாசல் காவலர் சைக்கிளில் வந்து இறங்கினார். "பால்ராசு, உம்ம லைட்டுக்காரர் போயிட்டாராம்வே. காலையில ஷெட்டுலயே நெஞ்சுவலியாம்" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மீதி மூடைகளையும் இறக்கினேன். கப்பல் மத்தியானம் கிளம்ப வேண்டியது. அன்றும் என் வேலையை முடித்துவிட்டுத்தான் அவரைப் பார்க்கப் போனேன்.

மாப்பிள்ளையூரணி போகும் வழியில் தகரக் கொட்டகை போட்டு, மோட்டார் வண்டிகளுக்கு மின்வேலை பார்த்த ஞானதுரையை உங்களில் பலருக்குத் தெரியும். சொந்த ஊர் சாத்தான்குளம். லாரி முதலாளி வந்தாலும் கிளீனர் வந்தாலும் அவருக்கு 'நீரு'தான், 'வே'தான். பேட்டரி வயரை நுனிநாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு, "உப்பு பத்தல" என்பார். புதிதாக வந்தவர்கள் அதை உண்மையென்று நம்பி, பேட்டரிக்கு எவ்வளவு உப்பு போடவேண்டும் என்று கேட்டதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை யார் வண்டி நின்றாலும் ஷெட்டைத் திறக்கமாட்டார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் கொடுக்கும் ஒரு முதலாளியின் பிக்கப் வண்டியை நான் ஓட்டினேன். அந்த வண்டியால்தான் எங்களுக்குள் பழக்கம்.

புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் நிறைய வரத் தொடங்கிய சமயம் அது. ஆழ்வார்திருநகரிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வாழைத்தாரும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு, விடியுமுன் தூத்துக்குடிக்குத் திரும்பிவிட வேண்டும். பழையகாயல் தாண்டினால் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்பளம். வண்டியின் முன்விளக்குகளோ, உப்புக் காற்றில் உள்ளே துருவேறி, மஞ்சளாக மினுங்கிக்கொண்டிருந்தன. ஒரு மழைநாளில் ரோடு எங்கே முடிகிறது, பாத்தி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் முன்சக்கரத்தைச் சேற்றில் இறக்கிவிட்டேன். அன்றைக்கு முழு லோடும் வாடிப்போனது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில், அடுத்த தடவை சாவியை வாங்கிவிடுவார் என்று புரிந்தது.

அந்த வாரமே ஒரு வெளிநாட்டுக் கப்பலின் சமையல்காரர் எனக்கு இரண்டு ஹாலோஜன் பல்புகள் தந்தார். அவர் கேட்ட பச்சை மிளகாயை நான் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து கொடுத்ததற்கு அன்பளிப்பு. அப்போது நம் ஊரில் அப்படிப்பட்ட பல்பை யாரும் அதிகம் பார்த்ததில்லை. அட்டைப்பெட்டியோடு ஞானதுரையிடம் கொண்டுபோனேன். அவர் பெட்டியின் நாலு பக்கத்திலும் இருந்ததைப் படித்துவிட்டு, "கண்ணாடில கைய வச்சிராதீரும். வெரல் பட்டா எண்ணெய் ஒட்டி வெடிச்சிரும்னு போட்டிருக்கான்" என்றார்.

நான் பல்பை மாட்டி உடனே தந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். "பல்ப மட்டும் மாத்தி என்ன செய்ய? உள்ள ரிஃப்ளெக்டரு செத்துப்போச்சு. இந்த வயரும் அந்தச் சூடு தாங்காது, உருகிரும்" என்றார். ரிஃப்ளெக்டர்களை மாற்றினார். தடித்த வயர் இழுத்தார். ஸ்விட்சுக்குச் சுமை ஏறாமலிருக்க ரிலே வைத்தார். பல்பின் அடிப்பாகம் பழைய ஹோல்டரில் உட்காரவில்லை. ஒரு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து அரத்தால் ராவிப் பொருத்தினார். கடைசியில் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, விளக்கைத் தாழ்த்தும் டிம்மில் வெளிச்சம் அந்தக் கோட்டுக்கு மேலே ஏறாதபடி திருகித் திருகி வைத்தார். "இது பழைய லைட்டு மாதிரி இல்ல. எதுக்க வாறவனுக்குக் கண்ணு அவிஞ்சிரும். ஆளு தெரிஞ்ச ஒடனே டிம் அடிச்சிரணும், என்ன?" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

முதல் நாள் அந்த வெளிச்சத்தில் ஓட்டியது நினைவிருக்கிறது. ரோடு முழுக்க வெள்ளைவெளேரென்று விரிந்தது. உப்புக் குவியல்கள் தூரத்திலேயே தெரிந்தன. பத்து வருஷம் ஓட்டிய ரோட்டை அன்றுதான் பார்த்தேன் என்று அவரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கும் சந்தோஷம். அதன்பின் நாலைந்து லாரிக்காரர்கள் அவரிடம் வந்து, அதே மாதிரி தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள்.

இரண்டு வாரம் போயிருக்கும். காலையில் கிளம்பும் கப்பல் ஒன்றுக்கு லோடு. எனக்குத் தாமதமாகிவிட்டது. பழையகாயலுக்கு இப்பால், சுவரில்லாத ஒரு பாலத்துக்குப் பக்கத்தில், எதிரே ஒரு சைக்கிள் வந்தது. உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற ஆள். பின்னால் கேரியரில் ஒரு பெண். என் இடது கால் டிம் ஸ்விட்சின் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. லாரி வந்தால் டிம் அடிப்போம், பஸ் வந்தால் அடிப்போம். சைக்கிளுக்கு யாரும் அடிப்பதில்லை. நானும் அடிக்கவில்லை. அந்த ஆள் ஒரு கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார். சைக்கிள் விளிம்புக்குப் போய், பாலத்துக்குக் கீழே கல்லில் விழுந்தது.

வாழைத்தார்களை ரோட்டோரம் இறக்கிப்போட்டுவிட்டு இருவரையும் வண்டியில் ஏற்றினேன். அவர் பெயர் இசக்கிமுத்து. அந்தப் பெண் அவர் மனைவி சண்முகக்கனி. அவளுக்குத் தோளில் அடி. அவருக்குத் தலையிலும் முதுகிலும். வழி முழுவதும் அவள், "கேக்குதா? எங்கன வலிக்கி, சொல்லும்" என்று அவரிடம் கேட்டுக்கொண்டே வந்தாள். அவர் பதில் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உப்பளத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். வண்டி இடிக்கவில்லை என்று சண்முகக்கனியே சொல்லிவிட்டதால் என்மேல் யாரும் கைவைக்கவில்லை. "லைட்டு அடிச்சி கண்ணு தெரியாம போச்சி" என்று மட்டும் சொன்னாள். அது என்ன லைட்டு, யார் போட்டது என்று கேள்வி வந்தது. செய்தி கேட்டு ஞானதுரை வந்துவிட்டார். என்னைத் தூணோரம் அழைத்துப்போய்க் கேட்டார்.

"டிம் அடிச்சீரா?"

"அடிச்சேன்."

"அடிச்சுமா?"

"அடிச்சேன்னு சொல்லுதேன்லா."

அன்று சாயங்காலம் வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். அதே சுவர், அதே கோடு. கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டு டிம்முக்கு மாற்றினார். நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். வெளிச்சம் கோட்டுக்குக் கீழேயே நின்றது. ஒரு நூல்கூட மேலே ஏறவில்லை. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விளக்கை அணைத்தார். பல்புகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, பழையவற்றை மாட்டத் தொடங்கினார்.

மூன்றாம் நாள் இசக்கிமுத்து இறந்துபோனார்.

அடக்கத்துக்கு நானும் ஞானதுரையும் போனோம். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில் சண்முகக்கனி எங்கள் இருவர் முன்னாலும் வந்து நின்றாள். "எப்படி ஆச்சு இது? வண்டி தூரத்துலதானே வந்துச்சு. யாராவது சொல்லுங்களேன்" என்றாள். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். முதலாளி, சாவி, வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் பக்கத்திலிருந்து ஞானதுரையின் குரல் கேட்டது.

"என் தப்புதாம்மா. லைட்ட நாந்தான் தூக்கி வச்சிட்டேன். ரெண்டு விரக்கடை எறக்கி வச்சிருக்கணும். என்னை மன்னிச்சிரு."

அவள் மண்ணை அள்ளி அவர் முகத்தில் எறிந்தாள். அவள் ஏசிய சொற்களை இங்கே எழுத முடியாது. அவர் கண்ணைத் துடைக்காமல் நின்றார். மண்ணில் கொஞ்சம் என் சட்டையிலும் விழுந்தது. நான் அதைத் தட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆளைக் கொன்ற லைட்டுக்காரர் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஹாலோஜன் கேட்டு வந்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். சில்லறை வேலை கொடுப்பவர்களும் குறைந்தார்கள். ஷெட்டில் வண்டியே இல்லாத நாட்களில் அவர் உடைந்த லாரிகளின் பின்விளக்குச் சிவப்புக் கண்ணாடிகளைத் துண்டு துண்டாக அறுத்து, விளிம்பை ராவி, தகரத்தில் பொருத்தி வைப்பார். சாயங்காலம் உப்பளத்து ரோட்டில் போய் நின்றுகொண்டு, திரும்பிவரும் சைக்கிள்களை நிறுத்தி, முன்னாலும் பின்னாலும் அவற்றைத் திருகிவிடுவார். முதலில் சிலர் அவரைத் திட்டிவிட்டு நிற்காமல் போனார்கள். மறுநாளும் அதே இடத்தில் நின்றார். வருஷம் திரும்புவதற்குள் அந்த ரோட்டில் சிவப்புக் கண்ணாடி இல்லாத சைக்கிள் அபூர்வமாயிற்று.

முன்விளக்கு வேலை என்று யாராவது வந்தால், கருவியைத் தொடுமுன் ஒரு கேள்வி கேட்பார். "சைக்கிளுக்கு டிம் அடிப்பீரா?" சிரித்தவர்களுக்கு வேலை பார்க்கமாட்டார். பலர் அதைக் கிறுக்கு என்றார்கள். அவர் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது நான் பக்கத்தில் இருந்தால், என் பக்கம் திரும்பவே மாட்டார். அந்த நாகரிகம்தான் என்னை அதிகம் அறுத்தது.

ஒருமுறைதான் நான் அதைப் பேசினேன். மழைக்காலம். ஷெட்டில் இருவர் மட்டும் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"அன்னைக்குச் சுவத்துல பாத்தீரே. லைட்டு சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"ஆமா."

"பொறவு ஏன் அப்படிச் சொன்னீரு?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீரு சொல்லுவீருன்னு மூணு நாளு பாத்தேன். அந்தப் பிள்ள நேர்ல வந்து நின்னு கேக்கு. யாராவது ஒருத்தன் நான்தான்னு சொல்லணும்லா?"

"இப்பம் நான் போய்ச் சொல்லட்டா?"

"சொன்னா உமக்கு லேசாயிரும். அவளுக்கு என்ன வரப்போவுது? ஒரு மாதிரி ஆறிக் கெடக்கா. மறுபடியும் கெளறாதீரும்" என்றார். கீழே வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாம் வே" என்றார். என்னிடம் அவர் சொன்ன ஒரே குறை அதுதான். அவர் கிளறாதே என்றது எனக்கு வசதியாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, அவர் போகும்வரை மீதி நாட்களை ஓட்டிவிட்டேன்.

அன்று துறைமுக வேலையை முடித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனபோது, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "அந்த லைட்டு விசயத்துக்குப் பொறவு இவிய சரியா ஒறங்கவே இல்ல. நீங்கதான் கூடவே இருந்து பாத்துக்கிட்டிய" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரிடமும் ஞானதுரை உண்மையைச் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கல்லறைத் தோட்டத்தில் எனக்கு முன்னால் நடந்த இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு போனார்கள். "நல்ல மனுசன்தான். ஒரு உயிரு போக காரணமாயிட்டாரு. அந்தப் பாவந்தான் நெஞ்சுல அடிச்சிட்டு" என்றார் ஒருவர். ஆறடி தூரத்தில் நான் நடந்தேன்.

மறுநாள் உப்பளத்துக்குப் போய்ச் சண்முகக்கனியைப் பார்த்தேன். முழங்கால்வரை வெள்ளை படிந்து, தலையில் உப்புக் கூடையோடு வந்தாள். கூடையைக் கொட்டிவிட்டு வரும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். கால் ஸ்விட்சின் மேல் இருந்ததையும், அழுத்தாததையும், சுவரில் பார்த்ததையும். அவள் என்னை ஏசவில்லை. அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அதுவும் இல்லை.

"அப்பம் அந்த அண்ணாச்சி மூஞ்சியில நான் மண்ண அள்ளிப் போட்டது?" என்றாள்.

கையிலிருந்த காலிக் கூடையைக் கீழே வைத்தாள்.

"அதுக்குப் பொறவும் ரோட்டுல என்னைக் கண்டா சைக்கிள விட்டு எறங்கி நிப்பாவ. நான் காறித் துப்பிட்டுப் போவேன். இனி அவியகிட்ட நான் எங்கன போய்ச் சொல்ல?"

காலிக் கூடையை எடுத்துக்கொண்டு பாத்திக்கு இறங்கிவிட்டாள். இத்தனை நாள் ஒரு துக்கம்தான் அவளுக்கு இருந்தது. நான் போய் இரண்டாவது ஒன்றையும் கொடுத்துவிட்டு வந்தேன். ஞானதுரை இதைத்தான் அன்றே சொன்னார்.

ஆனாலும் இதை எழுதுகிறேன். அவரிடம் வண்டியை விட்டவர்கள், விடாமல் விலகிப் போனவர்கள், கல்லறைத் தோட்டத்தில் பேசிக்கொண்டு நடந்த அந்த இருவர், எல்லோரும் படிக்கவேண்டும் என்று எழுதுகிறேன். ஞானதுரை என் வண்டியில் பூட்டிய விளக்கில் ஒரு நூல் அளவுகூடப் பிழையில்லை. டிம் அடிக்காதவன் நான். வாசித்துவிட்டு முதலாளி சாவியைக் கேட்டால் கொடுத்துவிடுவேன்.

அவர் கருவிகளை அவர் மைத்துனர் எடுத்துப் போய்விட்டார். கொட்டகையையும் வேறு யாரோ எடுக்கப்போகிறார்களாம். அவரிடமிருந்து எனக்கென்று நான் வாங்கிக்கொள்வது, மூன்று வருஷம் அவர் சுமந்த அந்தப் பழி ஒன்றைத்தான். அது முதல் நாளிலிருந்தே என்னுடையது.