தொப்பியைக் கழற்றும்வரை

எங்கள் டைரக்டருக்கு மனிதர்கள்மேல் பெரிதாக நம்பிக்கை கிடையாது. "ஆக்‌ஷன்னு சொன்னா எல்லாரும் பொய் சொல்லுவாங்க. கட்னு சொன்னதும் ஒரு மூச்சு விடுவாங்க பாரு, அந்த மூச்சுலதான் ஆள் இருக்கான்" என்பார். அதற்காகவே அவர் செட்டில் இரண்டு கட் உண்டு. முதலாவது வாயால். அதைக் கத்துவது அசிஸ்டென்ட்டான என் வேலை. கேமரா நிற்காது. அவர் தலையிலிருக்கும் தொப்பியைக் கழற்றினால்தான் நிஜமான கட். யூனிட்டுக்கு இது தெரியும், நடிக்கிறவர்களுக்குத் தெரியாது.

இந்தத் தத்துவம் எனக்கு மண்டைக்கு ஏறியிருந்தது. ஃப்ரெண்ட்ஸிடம் என் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்துவிடுவேன்.

யூனிட்டில் எல்லோரும் சென்னை ஆட்கள். நான் படித்த காலேஜ் வசதியானவர்கள் இருக்கும் மாட்டுங்காவில். வீடும் அங்கேதான் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. போகப்போக லிஃப்ட், பால்கனி என்று நானே சேர்த்துவிட்டேன். "வாரேன்", "சொல்லுதேன்" என்ற வீட்டுப் பேச்செல்லாம் கவனமாக என் வாயைவிட்டுப் போயின.

தாராவியில் ஷூட்டிங். ஒற்றை அறை வீடு ஒன்றைப் பேசி வைத்திருந்தோம். அந்த வீட்டுக்காரர் அன்று காலையில் முடியாது என்றுவிட்டார். டைரக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்ச ஆன்ட்டி வீடு ஒண்ணு இருக்கு சார்" என்றேன். ஆன்ட்டி என்றது என் அம்மாவை.

முன்னால் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நான் ஒனக்கு யாருட்டி?"

"தெரிஞ்ச ஆன்ட்டி. அவ்வளவுதான்."

"ஒன்னைய என்னன்னு கூப்பிடணும்?"

"மேடம்னு கூப்பிடும்மா."

"ஓஹோ. மேடம் காலையில தின்ன தட்டக் கழுவாம போயிருக்காவளே, அத யாரு கழுவ?"

கிண்டல் செய்தாளே தவிர கோபப்படவில்லை. சுவரிலிருந்த என் பட்டமளிப்புப் போட்டோவை அவளே கழற்றிப் பரணில் வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டைரக்டருக்கு வீடும் பிடித்தது, அம்மாவையும் பிடித்தது. அவளையே நடிக்கச் சொன்னார். கதவைத் திறந்து "அவன் இங்க இல்ல" என்று சொல்ல வேண்டும். ஒரே வரி. அம்மா அதை மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பித்தாள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் நேச்சுரலா" என்றேன்.

"சரிங்க மேடம்."

லைட் போடுகிறவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசி டேக் முடிந்து "கட்!" என்று கத்தினேன். அம்மா நிம்மதியாக அடுப்புப் பக்கம் போய் எல்லோருக்கும் டீ ஊற்றினாள். எல்லோருக்கும் பேப்பர் கப். எனக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளர். நான் சூடாகக் குடிக்க மாட்டேன். அதனால் இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி, வெளிப்பக்கம் விரலை வைத்துப் பார்த்துவிட்டு நீட்டினாள். "இந்தாங்க மேடம்."

நானும் பழக்கத்தில் வாங்கிக் குடித்தேன்.

வெளியே சந்தில் மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த டைரக்டர் வாசலுக்கு வந்தார். "ஆன்ட்டி, உங்க வாய் மேடம்ங்குது, கை வேற என்னமோ சொல்லுதே. யாரு உங்களுக்கு இந்தப் பொண்ணு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயில் டீ இருந்தது.

அம்மா முந்திக்கொண்டாள். "இவிய வயசுல எனக்கும் ஒரு மவ உண்டு சார். அவளுக்கு ஆத்திக் குடுத்த கை. யாருக்குக் குடுத்தாலும் அப்படித்தான் வருது. அவ படிச்சு பெரிய வேலையில இருக்கா. இங்கன அவ்வளவா வாரதில்ல."

காலையிலிருந்து ஒரு வரி சொல்ல வராதவள். இப்போது ஒரு பிசிறு இல்லை.

என் கண் டைரக்டரின் தலைக்குப் போனது. தொப்பி இருந்தது. டம்ளரைக் கீழே வைத்தேன். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினேன். "சார், இது எங்க அம்மா. இது என் வீடு." குரல் சரியான இடத்தில் உடைந்தது.

"ஏ மூதி!" என்றாள் அம்மா. "இம்புட்டு நேரம் கஷ்டப்பட்டு நடிச்சேன், ஒரு நிமிசத்துல கெடுத்துட்டியேட்டி!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். யாரோ கை தட்டினார்கள். டைரக்டர் தொப்பியைக் கழற்றினார்.

எடிட்டிங் முடிந்த பிறகு அந்தக் காட்சியைப் பற்றி அவரிடம் கேட்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"உங்க அம்மா பேசுனது முழுசா இருக்கு. அவங்ககிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க. உன்னோடதை எடுத்துட்டேன்."

"ஏன் சார்?"

"தொப்பியைப் பார்த்துட்டுத்தானே பேசுனே?"

 

போட்டோ இப்போது பழையபடி சுவரில் இருக்கிறது. தண்ணீர் பிடிக்க வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அந்தக் கதையைச் சொல்கிறாள். "அம்புட்டு பேரு முன்னாலயும் அம்மான்னு சொல்லிட்டா என் மவ. நான்கூட எதிர்பாக்கல பாத்துக்க." நேற்று என்னிடமே கேட்டாள்.

"நீ சொன்னது படத்துல வருமாட்டி?"

"வரும்மா" என்றேன். இந்தத் தடவை கேமராவும் இல்லை, தொப்பியும் இல்லை.